மக்டலீன் உப்பிட்ட புழுச் சீஸ்

ரொறன்ரோவில் மக்டலீனுக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை, சீஸுக்குத் தூசு தட்டுவது. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கனடா வந்தும் உனக்குத் தூசுதானா என்று ஒஷாவாவிலிருந்த அண்ணன் அமிர்தநாதர் ரெலிபோனில் நக்கலடித்தார். அவளும் முதல் நாள் சிரித்துக்கொண்டுதான் பிரஷைக் கையில் எடுத்தாள். அரை மணித்தியாலம் கழித்து, தட்டிவிட்ட தூசு நிலத்தில் மெல்ல நகர்ந்து போவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அது தூசு இல்லை, பூச்சி. சென்ற் கிளேயர் வீதியில் மேலே கடையும் கீழே நிலவறையுமாக இருந்த இடம் அது. நிலவறையின் மரத்தட்டுகளில் திருகைக்கல் பருமனில் செம்மறியாட்டுப் பால் சீஸ்கள் மாதக்கணக்காகக் கிடந்து முற்றும். முற்ற முற்றத் தோலில் பொடிப் பூச்சிகள் பற்றும். அளவோடு இருந்தால் அவை தோலை அரித்து நல்ல வாசம் தரும், அளவு மீறினால் உள்ளே துளைத்துவிடும் என்பது முதலாளியின் சாத்திரம். ஆகவே கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டியையும் இறக்கி, பிரஷால் தேய்த்து, புரட்டி வைக்க வேண்டும். நானூறு கட்டிகள். கடைசிக் கட்டிக்கு வரும்போது முதல் கட்டி மறுபடியும் பழுப்பு மாப் பூசிக்கொண்டு நிற்கும். பூச்சிகளுக்குச் சனி ஞாயிறு கிடையாது. மக்டலீனுக்கும் பெரும்பாலும் கிடையாது.

முழங்கை வரை தடித்துச் சிவக்கும். மூக்கு அரிக்கும். வீட்டுக்குப் போனால் இருமல். நாற்பத்தைந்து வயதில் பத்துக் கிலோக் கட்டியைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கிற வேலையை எந்த டொக்ரரும் எழுதிக் கொடுக்கமாட்டார். ஆனால் அவளுக்கு அந்த வேலை வேண்டும். வேலையை விட, வேலை இருக்கிறது என்று முதலாளி கையெழுத்து வைத்துத் தரும் ஒரு கடிதம் வேண்டும்.

அவளுடைய ஒரே மகள் அன்ரனெற், திருச்சியில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இருந்தாள். புருசன் எண்பத்திரண்டிலேயே கடலோடு போய்விட்டான். எண்பத்து நான்கில் அண்ணன் கூப்பிட்டு மக்டலீன் தனியாகத்தான் வந்தாள். பிள்ளையை ஆறு மாதத்தில் எடுக்கலாம் என்றார்கள். ஆறு மாதம் என்று சொல்லுகிறவர்களை நம்பியே பாதி ஊருக்கு வயசாகிவிட்டது. அவளுக்கு இங்கே இருக்க விசா கிடைக்க இரண்டு வருடம் போனது. அதற்குள் சண்டையால் சொந்த ஊரான பேசாலையில் இருக்கமுடியாமல் பிள்ளை வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டாள். பிள்ளையை ஸ்பொன்சர் செய்து கூப்பிடுவதற்கு ஒழுங்கான வேலை வேண்டும் என்றார் லோயர். வீட்டு வேலை, கந்தோர் கழுவுகிற வேலை என்று நாட்கூலிக்கு அலைந்தவளுக்கு எவன் கடிதம் தருவான்? சீஸ் கடை முதலாளி, ஒரு வருடம் நில், பிறகு தருகிறேன் என்றார். நின்றாள். ஒரு வருடம் ஒன்றரை வருடமாகி, எண்பத்தெட்டு ஒக்ரோபரும் வந்துவிட்டது. வருகிற பெப்ரவரியில் அன்ரனெற்றுக்கு இருபத்தொரு வயது. அதற்கு முன் விண்ணப்பம் போகவேண்டும், போகாவிட்டால் பிள்ளை என்ற கணக்கில் சேர்க்கமாட்டார்கள் என்று லோயர் மூன்று தரம் சொல்லிவிட்டார். மூன்று தரத்துக்கும் தனித்தனியாகக் காசு வாங்கினார்.

முதலாளியின் பெயர் எபிசியோ. அவரை இத்தாலிக்காரர் என்று சொன்னால் கோபம் வரும். தான் சார்தீனியாத் தீவுக்காரன், இத்தாலி வேறு தீவு வேறு என்று மேசையில் அடித்துச் சொல்லுவார். மன்னார்த் தீவுக்காரியான மக்டலீனுக்கு அது மட்டும் உடனே விளங்கியது. அறுபது வயது, பெண்சாதி செத்துவிட்டாள், தொண்டை பெரிது, மனம் கெட்டதில்லை. அந்த ஒக்ரோபரில் அவருக்குத் தலைகால் தெரியவில்லை. இருபத்தேழு வருடமாகக் காணாத தமையன் ஊரிலிருந்து வருகிறார். முதலில் மொன்றியலில் உறவினர் வீட்டில் இறங்குகிறார், வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு கூட்டிவந்து, திங்கள் காலை கடையைக் காட்டவேண்டும்.

“செவ்வாய்க்கிழமை லோயரிடம் போவோம், மதலேனா. சத்தியம். இந்தக் கிழமை என்னைக் கேளாதே,” என்றார் அவளிடம், அவள் பெயரைத் தன் பாஷைக்குத் திருப்பி.

செவ்வாய்க்கிழமை. அவள் அந்தச் சொல்லை வாயில் போட்டுக்கொண்டே அந்தக் கிழமை முழுவதும் பிரஷ் பிடித்தாள்.

நிலவறையில் அவளோடு வேலை செய்தவன் நவரட்ணம். திருகோணமலைப் பெடியன், முப்பது வயது, எண்பத்து மூன்றிலேயே வந்தவன். பார்க்டேலில் ஒரே அப்பார்ட்மென்ற் கட்டடத்தில் இருந்த பழக்கத்தில் இந்த வேலையை அவளுக்கு எடுத்துக் கொடுத்ததே அவன்தான். பாரம் தூக்குவது, பால் இறக்குவது, சூடு குளிர் பார்ப்பது அவன் வேலை. பகலில் இங்கே, இரவில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவல். ஊரில் கோணேஸ்வரி என்று ஒருத்தியை நிச்சயித்து வைத்திருந்தான். மத்தியானத்தில் மக்டலீன் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் ரீயைக் குடித்துக்கொண்டு கோணேஸ்வரியின் கடிதங்களிலிருந்து பகிரக்கூடிய வரிகளை மட்டும் வாசித்துக் காட்டுவான். அவளைக் கூப்பிடுவதற்கு அவனுக்கும் ஒருநாள் இதே கடிதம் தேவைப்படும்.

நிலவறையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. ஓகஸ்டிலிருந்து பூட்டிக் கிடந்தது, திறப்பு எபிசியோவின் இடுப்பில். உள்ளே என்ன என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. மொன்றியலுக்குப் புறப்படும்போதுதான் திறப்பை நவரட்ணத்திடம் கொடுத்தார். உள்ளே சின்ன ஹீற்றர் ஒன்று எரிகிறது, இரவு பகல் அது நிற்கக்கூடாது, கதவைத் திறந்து எட்டிப் பார், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார்.

வெள்ளி பின்னேரம் நவரட்ணம் அவளிடம் வந்து தலையைச் சொறிந்தான்.

“அக்கா, ஹோட்டலில பெரிய கலியாணம். சனி ஞாயிறு ரெண்டு நாளும் பகலும் நிக்கச் சொல்லுறாங்கள். நீங்கள் எப்பிடியும் தட்ட வாறனியள்தானே. உந்த அறையைத் திறந்து ஹீற்றர் எரியுதோ எண்டு ஒருக்காப் பாப்பியளே?”

“அதுக்கென்ன தம்பி, தாவன்.”

சனி காலை அவள் கதவைத் திறந்தாள். ஹீற்றர் எரிந்தது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. மூக்கில் அடித்த நாற்றம் அவளை உள்ளே இழுத்தது. நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் ஒற்றைச் சீஸ், அதன் மேல் வெள்ளைத் துணி. துணியைத் தூக்கினாள். கட்டியின் மேற்பகுதி மூடி மாதிரி வெட்டியிருந்தது. மூடியைத் தூக்கினாள். உள்ளே சீஸ் கூழாகி, அந்தக் கூழ் முழுவதும் வெள்ளைப் புழு. ஒன்று துள்ளி அவள் கன்னத்தில் விழுந்தது.

வேறு யாராவது என்றால் கத்திக்கொண்டு ஓடியிருப்பார்கள். மக்டலீன் மீன் காயப்போடும் கருவாட்டு வாடியில் பிறந்தவள். அவள் கதவைச் சாத்தினாள்.

பேசாலையில் ஒரு வழக்கம் உண்டு. வாடியில் அடுக்கிய கருவாட்டில் புழு கண்டால் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. ‘புழு’ என்ற சொல் வாசலைத் தாண்டினால் அந்த வாடியின் சரக்கை அந்த வருடம் எவனும் தொடமாட்டான். கண்டவள் யாரோ அவளே பேசாமல் உப்புநீரில் கழுவி, கல்லுப்பு அடைத்து, காரியத்தை முடித்துவிடவேண்டும். முதலாளிக்குக்கூடச் சொல்வதில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி இருப்பார். அதுதான் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை.

அவளுக்கு எல்லாம் பொருந்திப் போயிற்று. கிழவன் ஒரு கட்டியைப் பழுதாக்கிவிட்டார். எறிய மனம் இல்லை, காட்ட வெட்கம், பூட்டி வைத்திருக்கிறார். முந்தின கிழமைதான் நாலு கடை தள்ளி ஒரு இறைச்சிக் கடையைச் சுகாதார இன்ஸ்பெக்ரர் இழுத்து மூடினார். அடுத்தது இந்த வரிசைதான் என்று எபிசியோவே புலம்பினார். இந்த அறையை இன்ஸ்பெக்ரர் திறந்தால்? கடை போகும். வேலை போகும். செவ்வாய்க்கிழமை போகும். பெப்ரவரி வரும்.

பூச்சி சரி, புழு எப்படிச் சரியாகும்? ஒன்றரை வருடம் பூச்சிகளுக்குப் பணிவிடை செய்தவள்தான். ஆனாலும் புழுவையும் ஒருவன் வேண்டுமென்று வளர்ப்பான் என்று அவள் புத்திக்கு எட்டவில்லை. யாருடைய புத்திக்குத்தான் எட்டும்?

பால் பகுதியிலிருந்து கல்லுப்பு எடுத்துவந்தாள். கரண்டியால் அள்ளக்கூடியதை அள்ளினாள். தடிப்பாக உப்புநீர் கரைத்து ஊற்றினாள், கூழுக்குள்ளும் மேலேயும் உப்பை அடைத்தாள், மூடியை வைத்து அமத்தினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நீரை வடித்து, மூடியைத் தூக்கினால் தெரியும் உப்பை வழித்தெடுத்து, தோலுக்கு எண்ணெய் பூசி, துணியைப் போட்டாள். ஹீற்றர் இரண்டு நாளும் எரிந்தது. நீண்ட காலத்துக்குப் பிறகு தனக்குத் தெரிந்த ஒரு வேலையைத் தெரிந்தபடி செய்த திருப்தி அவளுக்கு இருந்தது.

திங்கள் காலை திறப்பை நவரட்ணத்திடம் கொடுத்தாள்.

“ஹீற்றர்?”

“நல்லா எரியுது தம்பி. ரெண்டு நாளும் பாத்தனான்.”

ஒன்பது மணிக்கு எபிசியோ தமையனோடு படியிறங்கினார். தமையன் மெலிந்த கிழவர், கோட்டும் தொப்பியுமாக வந்திருந்தார். எபிசியோ கையில் சிவப்பு வைன் போத்தல், கக்கத்தில் அப்பளம் போன்ற மெல்லிய ரொட்டி. வேலைக்காரர் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். இன்றைக்கு நீங்களும் பார்க்கவேண்டும் என்றார். குளிர் நாட்டில் இது வளராது என்று இருபத்தேழு வருடத்துக்கு முன் தமையன் சொல்லி அனுப்பினாராம். வளர்த்திருக்கிறேன் என்றார். கோடையில் யன்னலைத் திறந்துவிட்டு ஈயைக் கூப்பிட்டதையும், முட்டையிட விட்டதையும், குளிர் பிடிக்காமல் மூன்று மாதம் பொத்திப் பொத்திக் காத்ததையும் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். எங்கள் தீவின் சீஸ் இதுதான், புழுவோடுதான் சாப்பிடுவோம், துள்ளும், கண்ணைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பிள்ளையைப்போலச் சிரித்தார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். மக்டலீன் பிடிக்கப் போனது கடையின் மானம்.

எபிசியோ போத்தலைத் திறந்து தமையனிடம் கொடுத்துவிட்டு, பின்னறையிலிருந்து முக்காலியை வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து மூடியைத் தூக்கினார். ஒன்றும் துள்ளவில்லை. கூழ் இறுகிக் கிடந்தது. புழுக்கள் அதில் சுருண்டு கிடந்தன. அவர் குனிந்து பார்த்தார். விரலால்கூடத் தொடவில்லை. தமையன் வைன் போத்தலின் தக்கையைத் திருப்பி அடைத்தார்.

“செத்தால் விஷம்,” என்றார் எபிசியோ. “உயிரோடு இருந்தால்தான் சாப்பாடு. செத்தால் நாய்க்கும் போடக்கூடாது.” பிறகுதான் தொண்டை திறந்தது. “ஹீற்றர்! ஹீற்றரை அணைய விட்டாய்!”

“இல்லை, ஹீற்றர் எரிந்தது,” என்றான் நவரட்ணம்.

“நீ பார்த்தாயா?”

நவரட்ணத்துக்குப் பொய் சொல்ல வராது. “சனி ஞாயிறு நான் வரவில்லை. ஆனால் எரிந்தது.”

“வராதவனுக்கு எரிந்தது எப்படித் தெரியும்?”

நவரட்ணம் திரும்பி மக்டலீனைப் பார்த்தான். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. அவள் சொல்லவேண்டியது ஒரு வசனம், அதைச் சொல்லுவாள் என்று காத்திருக்கிற பார்வை. உப்பைப் பற்றிக்கூடச் சொல்லத் தேவையில்லை. நான் பார்த்தேன், எரிந்தது என்றால் போதும். ஆனால் அந்த வசனத்தைச் சொன்னால் அறைக்குள் போனது யார் என்று தெரிந்துவிடும். அடுத்த கேள்வி வரும். மறுநாள் செவ்வாய்க்கிழமை.

அவள் கையிலிருந்த பிரஷைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாதாவே, யாராவது ஏதாவது பேசுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினாள். அவள் தவிர யாராவது.

எபிசியோ அவனை அப்போதே வேலையிலிருந்து நிற்பாட்டினார். போகும்போது அந்தக் கட்டியைக் கொண்டுபோய்ப் பின்பக்கக் குப்பையில் போடச் சொன்னார். நவரட்ணம் அதைத் தூக்கிக்கொண்டு படியேறினான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது, பழியைச் சுமப்பவன் படியேறுவதைப் பாவம் செய்தவள் கீழே நின்று பார்ப்பது.

சொன்ன சொல்லைக் கிழவர் காப்பாற்றினார். செவ்வாய்க்கிழமை கோட் போட்டுக்கொண்டு லோயரிடம் வந்து, நேர்மையான தொழிலாளி, நம்பிக்கையானவர் என்று எழுதிய கடிதத்தில் கையெழுத்து வைத்தார். அந்த ‘நேர்மையான’ என்ற சொல்லை லோயர் உரக்க வாசித்தபோது மக்டலீனுக்கு இருமல் வந்தது. நிலவறைப் பூச்சி என்று எபிசியோ தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

சொல்லிவிடலாம், விண்ணப்பம் போகட்டும் என்று நினைத்தாள். விண்ணப்பம் ஜனவரியில் போனது. விசா வரட்டும் என்று நினைத்தாள். நவரட்ணம் வாடகை குறைந்த இடம் தேடிக் கட்டடத்தை விட்டுப் போய்விட்டான். ஓரிரு மாதம் பெட்டித் தொழிற்சாலை, பிறகு ஒன்றும் இல்லை, பிறகு மார்க்கம் பக்கம் பார்சல் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டாள். ஹோட்டல் கோப்பை கழுவலுக்குக் கடிதம் தரமாட்டார்கள், நிரந்தர வேலை வேறு ஒன்றும் அமையவில்லை. எண்பத்தொன்பது ஆடியில் கோயில் வாசலில் ஊர்க்கார மரியரட்ணம் அன்ரி, கேட்காமலே வந்து சொன்னா.

“உவன் நவரட்ணத்தின்ர பெட்டையை லண்டன் மாப்பிள்ளைக்குக் குடுத்திட்டினமாம். எத்தினை நாளுக்கெண்டு அதுகளும் பாத்துக்கொண்டிருக்கிறது?”

மக்டலீன் அன்றைக்கு நற்கருணை எடுக்கவில்லை. வீட்டுக்கு நடந்தே போனாள். மறுநாள் மறுபடியும் நானூறு கட்டிகள். இரண்டு பேருடைய வேலையையும் இப்போது அவள்தான் செய்தாள். முதுகு முறிந்தது. அதை ஒரு தண்டனையாக நினைத்து ஆறுதல்பட்டாள். ஆனால் தண்டனையை நாமே அளந்து போடும்போது அது கொஞ்சம் குறைவாகத்தான் விழும்.

நவம்பரில் அன்ரனெற் வந்தாள். விமான நிலையத்துக்குத் தன் காரில் கூட்டிப்போவதாகச் சொன்ன அமிர்தநாதருக்குக் கடைசி நேரத்தில் ஷிப்ற் மாறிவிட்டது. “நான் ஒருத்தனைப் பிடிச்சு அனுப்புறன், பயப்பிடாதை,” என்றார் ரெலிபோனில். கீழே வந்து நின்ற பழைய காரில் நவரட்ணம் இருந்தான். அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது.

“ஏறுங்கோ அக்கா. பிளேன் மூண்டு மணிக்கெல்லே.”

போகும்போது மழையைப் பற்றிப் பேசினார்கள். வரும்போது அன்ரனெற் பின்சீற்றில் தாயின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். ஐந்து வருடம். பதினாறு வயதில் விட்டுவந்த பிள்ளையின் கை அவள் கையை விடப் பெரிதாக இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். சந்தோசத்தில்தான் அழுதாள், ஆனால் முன்சீற்றிலிருந்த நவரட்ணத்தின் தலையைக் காணாமல் இருக்க முடியவில்லை.

“தம்பி, அண்டைக்கு...”

“எனக்குத் தெரியும் அக்கா.” அவன் றோட்டைப் பார்த்தபடியே சொன்னான். “குப்பைக்குக் கொண்டுபோனது நான்தானே. தொட்டியில விழுந்து உடைஞ்சுது. உள்ளுக்கு முழுக்க உப்பு.”

“அப்ப ஏன்ராப்பா நீ அவரிட்டச் சொல்லேல்லை?”

“நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தனான். அண்டைக்குப் பாத்தனான். அடுத்த கிழமை பாத்தனான். கோணேஸ்வரியின்ர தகப்பன் கடைசியாக் கடிதம் போடுமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான். பேந்து விட்டிட்டன்.”

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். களைத்துப்போன மனிசனின் குரல் அது.

பார்க்டேலில் கார் நின்றபோது அன்ரனெற் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள். “ஆரம்மா இவர்?” என்று கேட்டாள்.

என்னோடு வேலை செய்தவர் என்று மக்டலீன் சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். வாய் வரை வந்தது.

“இவற்ர வேலையைத் துலைச்சது நான், பிள்ளை. நான் செய்த பிழைக்கு இவரை நிப்பாட்டினவை. நான் வாய் திறக்கேல்லை. அதாலதான் எனக்குக் கடிதம் கிடைச்சது. அந்தக் கடிதத்திலதான் நீ வந்திருக்கிறாய்.”

அன்ரனெற் ஒன்றும் விளங்காமல் தாயையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். வந்திறங்கி அரை நாள்கூட ஆகாத பிள்ளை. தாயின் கையிலிருந்த தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

நவரட்ணம் இறங்கிப் பெட்டியை எடுத்தான். லிஃப்ற் வேலை செய்யவில்லை. மூன்றாம் மாடி வரை அவனே தூக்கிவந்து கதவடியில் வைத்தான். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றான்.

“உள்ள வா தம்பி. ஒரு வாய் ரீ குடிச்சிட்டுப் போ,” என்றாள் மக்டலீன்.

“வேண்டாம் அக்கா,” என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கினான்.